மயிலாப்பூரில் முதல் வீடு வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

மயிலாப்பூர், மந்தைவெளி, அபிராமபுரம் பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று விலைக்கு வந்தால், "இன்றைக்கே டோக்கன் போடுங்கள், நாளை கைமாறிவிடும்" என்று தரகர் அவசரப்படுத்துவார். போனால் போகட்டும். இருபது வருடக் கடன் உங்கள் தலையில்தான் ஏறப்போகிறது. நிதானமாகக் கேளுங்கள்.

1. புது டைல்ஸ், மாடுலர் கிச்சன் எல்லாவற்றையும் கடைசியில் பாருங்கள். முதல் கேள்வி, யுடிஎஸ் எவ்வளவு என்பதுதான். மனையில் உங்களுக்கு வரும் பிரிபடாத பங்கு அது. இரண்டு கிரவுண்டில், அதாவது 4,800 சதுர அடியில், 8 வீடுகள் சம பங்கோடு இருந்தால் தலைக்கு 600 சதுர அடி. அதே மனையில் 12 வீடுகள் என்றால் 400தான். உள்ளே நின்று பார்த்தால் இரண்டு வீடும் ஒரே அளவாகத் தெரியும். ஆனால் கட்டடத்தின் மதிப்பு வருடா வருடம் தேயும், ஏறுவது மண்ணின் மதிப்புதான். இந்தப் பகுதியில் முப்பது நாற்பது வருடக் கட்டடங்கள் நிறைய. உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்று 2022-ல் இயற்றிய தமிழக அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டம் சொல்கிறது. அந்த நாள் உங்கள் காலத்திலேயே வரும். அன்று உங்கள் கையில் இருப்பது பத்திரத்தில் எழுதிய அந்தப் பங்கு மட்டுமே.

2. முப்பது வருட வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே காசில்லாமல் பார்க்கலாம். பாருங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். பதிவானது மட்டுமே அதில் வரும், பதிவு செய்யாத உயில் வராது. அப்பா அம்மா காலமான பின் பிள்ளைகள் விற்கும் வீடு என்றால் வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எண்ணுங்கள். "அக்காவுக்குக் கல்யாணத்திலேயே செய்துவிட்டோம்" என்பதெல்லாம் சட்டத்தில் நிற்காது. அந்த அக்காவும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்திருக்க வேண்டும். மூலப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். வங்கி வக்கீல் பார்த்துவிட்டார் என்ற தைரியமும் வேண்டாம். அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்கு. உங்களுக்கென்று ஒரு வக்கீலை வையுங்கள்.

3. கபாலீசுவரர் கோயிலுக்கு இந்த ஊரில் மனைகள் உண்டு. கட்டடம் ஒருவருடையது, மனை கோயிலுடையது என்ற இடங்களும் இருக்கின்றன. டவுன் சர்வே பதிவேட்டில் யார் பெயர் என்று பார்த்துவிடுங்கள்.

4. விற்பவர் அமெரிக்காவில் இருப்பார், பவர் வைத்திருக்கும் உறவினர் வந்து உட்காருவார். இங்கே இது சகஜம். பவர் இன்னும் ரத்தாகவில்லையா, கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்று அவரோடு வீடியோவிலாவது பேசி உறுதி செய்யுங்கள். பவர் பத்திரத்தை மட்டும் வைத்து வீடு கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது, கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும். இன்னொன்று, 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் வீட்டுக்கு நீங்கள் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் அது பல மடங்கு. அட்வான்ஸுக்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

5. "ஆயிரம் சதுர அடி" என்றால் மாடிப்படியும் பொது நடையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். டேப் கொண்டுபோய்க் கார்ப்பெட் ஏரியாவை அளந்துவிடுங்கள். கார் நிறுத்தும் இடம் பத்திரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

6. ஒரு முறை மே மாதத்திலும் ஒரு முறை நல்ல மழையிலும் போய்ப் பார்க்க முடிந்தால் நல்லது. கடல் பக்கம். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து உப்பி, சீலிங் காரையைத் தள்ளும். பால்கனி அடிப்பக்கத்தையும் மொட்டை மாடியையும் பார்க்காமல் திரும்பாதீர்கள். கோடையில் லாரித் தண்ணீர் எத்தனை வாங்குகிறார்கள் என்று வாட்ச்மேன் சொல்வார். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்றால் உங்கள் அம்மாவை அழைத்துப்போய் ஏறச் சொல்லுங்கள். அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்தபின் முடிவெடுங்கள். அப்படியே மற்ற வீட்டுக் கதவுகளையும் தட்டிப் பேசுங்கள். சங்கம் நடக்கிறதா, கணக்கு காட்டுகிறார்களா, யார் யாரோடு கேஸ் நடத்துகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். பெயின்ட் அடிக்கக்கூட ஒத்துப்போகாதவர்கள் நாளை இடித்துக் கட்ட எப்படி ஒத்துப்போவார்கள்?

7. பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வீட்டுக் கடன் இதற்கு வராது, கையில் வைத்துக்கொள்ளுங்கள். "பாதியை ரொக்கமாகக் கொடுங்கள், பத்திரச் செலவு குறையும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சட்டத்துக்குப் புறம்பு என்பது ஒருபுறம் இருக்கட்டும், பேரம் முறிந்தால் கணக்கில் வராத அந்தப் பணத்தை எந்தக் காகிதத்தைக் காட்டித் திருப்பிக் கேட்பீர்கள்?

8. பதிவு முடிந்ததும் சொத்து வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். சில வாரம் கழித்து இன்னொரு வில்லங்கச் சான்று எடுத்து, உங்கள் பெயரும் யுடிஎஸ் அளவும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.