மருத்துவ ஆய்வில் சேரலாமா? ஜோலார்பேட்டைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், தோளில் ஒரு சின்ன ஐஸ் பெட்டி. "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா? ஆய்வுக்காக வந்திருக்கோம்" என்று வாசலில் ஒரு பெண் நிற்கிறார். நம் பக்கத்தில் இதற்கு இரண்டே பதில்தான். "எங்களுக்கு ஒண்ணும் வேணாம்மா" என்று கதவைச் சாத்துவோம். இல்லாவிட்டால், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊசிக்குக் கையை நீட்டுவோம். இரண்டுமே அவசரம். நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதில் நாம் சேர்ந்தே நடந்து பார்ப்போம்.

நம் பக்கத்தில் ஏன் இத்தனை ஆய்வுகள்?

ஜோலார்பேட்டையில் ரயிலேறினால் வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் தாண்டி காட்பாடி. அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரத்தில் வேலூர் சி.எம்.சி. 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனை. சிகிச்சைக்குப் பெயர் பெற்ற அளவுக்கு ஆய்வுக்கும் பெயர் பெற்றது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஒரு கதை சொல்கிறேன். 2002-இல் வேலூரின் நெரிசலான சில குடியிருப்புகளில் புதிதாகப் பிறந்த குழந்தைகளை ஓர் ஆய்வில் சேர்க்கத் தொடங்கினார்கள். மொத்தம் 452 குழந்தைகள். களப்பணியாளர்கள் வீட்டுக்கு வந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழந்தைகளின் மலத்தைச் சேகரித்துப் போனார்கள். மூன்று வருஷம்! முடிவுவரை நின்றவர்கள் 373 பேர். ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு ஒருமுறை வந்தால் மறுபடி வராமல் எவ்வளவு காக்கிறது என்று அதில் தெரிந்தது. முன்பு இதேபோல் ஆராய்ந்த மெக்சிகோ குழந்தைகளுக்குக் கிடைத்த அளவு பாதுகாப்பு நம் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை. 2011-இல் இது வெளிவந்தது. அயல்நாட்டுக் கணக்கை இங்கே அப்படியே நம்பி உட்கார முடியாது என்று உலகத்துக்குக் காட்டியவை வேலூர்ப் பிள்ளைகளின் மலக்குப்பிகள்தான்.

அடுத்து ரோட்டாவேக் சொட்டு மருந்து. டெல்லி, புனே, வேலூர் என மூன்று இடங்களில் 6,799 பச்சிளங்குழந்தைகள். கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கைப் பாதிக்குச் சற்று மேல் தடுத்தது. 2016-இல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிள்ளைகளுக்கு ரோட்டா சொட்டு போடும் வழக்கம் வந்ததில் அந்தக் குழந்தைகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

டைபாய்டு கணக்கும் அப்படித்தான். 2017-க்கும் 2020-க்கும் இடையே டெல்லி, கொல்கத்தா, புனே, வேலூர் ஆகிய ஊர்களில் நடந்த கண்காணிப்பின் முடிவு 2023-இல் வந்தது. நகரப் பகுதிகளில் அதிக விகிதம் வேலூரில்: ஒரு லட்சம் குழந்தைகளை ஓராண்டு பார்த்தால் 1,173 பேருக்கு டைபாய்டு. பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய எண்.

என்னென்ன வகை?

நம்மைத் தேடி வருபவை பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது, கேள்வியும் அளவும். வயது, வேலை, வீட்டுத் தண்ணீர், ரத்த அழுத்தம், சில சமயம் ஒரு குப்பி ரத்தம். அந்தக் குப்பியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 5 மில்லி என்பது ஒரு டீஸ்பூன். ரத்ததானத்தில் 350 மில்லி எடுக்கிறார்கள்.

இரண்டாவது, தொழில் சார்ந்தது. டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்பவர்களுக்கு இதுதான் நெருக்கமானது. மூச்சுத் திறனை அளக்க ஒரு குழாயில் வேகமாக ஊதச் சொல்வார்கள், பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். தோல் அரிப்புக்குச் செய்யும் பேட்ச் டெஸ்ட் அப்படியில்லை. குரோமியம் உப்பு, ரப்பர் ரசாயனம், பசை போன்றவற்றைச் சிறு ஒட்டுகளில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் அது நனையக் கூடாது. குளிக்கக் கூடாது, வியர்க்கவும் கூடாது. எடுத்த பிறகு ஒருமுறை பார்ப்பார்கள், ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறை. ஈரத் தோலைத் தூக்கிப் போடும் வேலையில் இருப்பவர் இந்த நாட்களில் எப்படி வேலைக்குப் போவது? சேரும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

மூன்றாவது, மருந்து அல்லது தடுப்பூசிச் சோதனை. இங்கே "யாருக்கு மருந்து?" என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். ரோட்டாவேக் ஆய்வில் 4,532 குழந்தைகளுக்கு உண்மையான சொட்டு, 2,267 பேருக்கு மருந்தில்லாத சொட்டு. எது யாருக்கு என்று பெற்றோருக்கும் தெரியாது, கொடுத்த மருத்துவருக்கும் தெரியாது. ஏமாற்று இல்லை இது. தெரிந்துவிட்டால் நம் மனசே கணக்கைக் குழப்பிவிடும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

சில சமயம் ஆளுக்கு ஆள் குலுக்காமல் ஊருக்கே குலுக்குவார்கள். திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் நடந்த டிவோர்ம்3 குடற்புழு ஆய்வில் 40 பகுதிகளாகப் பிரித்து, பாதிப் பகுதிகளில் குழந்தை முதல் பெரியவர்வரை எல்லாருக்கும் மாத்திரை, மீதியில் வழக்கம்போலப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். "பக்கத்து ஊருக்குக் கொடுத்தாங்க, எங்களுக்கு இல்லையே" என்ற வருத்தத்துக்கு விளக்கம் அதுதான்.

எப்படிச் சரிபார்ப்பது?

இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது, சுருக்கமாக சி.டி.ஆர்.ஐ. 2007-இல் தொடங்கியது. மருந்து, தடுப்பூசிச் சோதனைகளை அதில் பதிவது 2009 முதல் கட்டாயம். யாரும் காசில்லாமல் தேடலாம். தளம் ஆங்கிலத்தில் இருப்பதால் கல்லூரி போகும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வோம்.

முதலில், வந்தவரிடம் பதிவு எண் கேட்போம். தளத்தில் அதைப் போட்டால் ஆய்வின் பெயர், நடத்துபவர், பணம் கொடுப்பவர், எந்தெந்த ஊரில், எத்தனை பேர், நெறிமுறைக் குழு அனுமதி உண்டா என்பதெல்லாம் வரும். பொதுமக்கள் கேள்வி கேட்பதற்கான தொடர்பு விவரமும் இருக்கும். வெறும் கணக்கெடுப்பு ஆய்வுக்குப் பதிவு எண் இல்லாமல் போகலாம். ஆனால் நெறிமுறைக் குழு அனுமதி அதற்கும் வேண்டும். அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்வதில் தப்பே இல்லை.

மருந்துச் சோதனைகளை ஆராயும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். ஒரு பெண், சட்டம் தெரிந்த ஒருவர், நம்மைப் போன்ற ஒரு சாதாரண ஆள் கட்டாயம். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் இப்படிச் சொல்கின்றன.

கையெழுத்துக்கு முன்

ஒப்புதல் படிவம் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசும் வீடுகள் எத்தனை, இந்தப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகள் எத்தனை! தமிழ்ப் படிவத்தை வைத்துக்கொண்டு தலையாட்ட வேண்டியதில்லை. படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய், ஒரு ராத்திரி யோசித்து, மறுநாள் சொல்லலாம். "இப்பவே போடுங்க" என்று அவசரப்படுத்துகிறவரிடம் போடாமலே இருப்பது நல்லது.

நான் கேட்கும் கேள்விகள் இவை: எத்தனை தடவை வர வேண்டும்? எவ்வளவு ரத்தம், எத்தனை முறை? என் மாதிரியைப் பிற்பாடு வேறு ஆய்வுக்கும் எடுத்துக்கொள்வீர்களா? பக்கவிளைவு வந்தால் நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது? என் முடிவை என்னிடம் சொல்வீர்களா, வேறு யாரிடம் சொல்வீர்கள்?

கடைசிக் கேள்வியை டேனரி, ஷூ கம்பெனி ஊழியர்கள் விடவே கூடாது. ஆய்வு கம்பெனிக்குள் நடந்து, சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று பேர் கூப்பிட்டால், "மாட்டேன்" என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? முதலாளிக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளே சொல்கின்றன. தனியாகப் பேச இடம் கேட்போம். நம் நுரையீரல் கணக்கு கம்பெனி ஆபீஸுக்குப் போகாது என்பதை எழுத்தில் கேட்போம்.

படிவத்தின் நகல் நம் உரிமை. ஒருமுறை நகல் வாங்காமல் வந்துவிட்டேன். கை வீங்கிய அன்று யாருக்குப் போன் செய்வது என்று தெரியாமல், ஆஸ்பத்திரியின் பொது எண்ணுக்கு அடித்து அரை நாள் போனது.

எவ்வளவு செலவு?

விதிப்படி ஆய்வு மருந்துக்கும், ஆய்வுக்காகவே செய்யும் பரிசோதனைக்கும் நாம் ஒரு பைசா கொடுக்கக் கூடாது. உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது.

காலையில் சென்னை போகும் ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிக் காட்பாடியில் இறங்கி, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, முடிந்து, திரும்பும் ரயிலுக்குக் காத்திருந்து வீடு வந்தால் இருட்டிவிடும். டிக்கெட் சில்லறைக் காசு. போனது ஒரு நாள் கூலி. துணைக்கு ஒருவர் வந்தால் இரண்டு நாள் கூலி. பேட்ச் டெஸ்ட் என்றால் மூன்று முறை போக வேண்டும். இ.எஸ்.ஐ. விடுப்புப் பணம் இதற்குக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். அது உடம்பு சரியில்லை என்று மருத்துவர் சான்று தந்தால் கிடைப்பது.

ஆகவே ஒரு தாளில் எழுதுவோம்: எத்தனை நடை, ஒரு நடைக்கு ரயில், பஸ், சாப்பாடு, போகும் கூலி. கூட்டிப் பார்த்துவிட்டு, இதில் எவ்வளவு தருவீர்கள், கையிலா வங்கிக் கணக்கிலா, அன்றேவா கடைசியிலா என்று கேட்போம். பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுகட்ட நெறிமுறைகள் இடம் தருகின்றன. கேட்பது கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை. எல்லாவற்றையும் கடைசி நாளில் தருகிறோம் என்றால் எனக்குச் சந்தேகம் வரும். பாதியில் விலக விடாமல் கட்டிப்போடும் கயிறு அது.

மருந்துச் சோதனையால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சை உண்டு. பாதிப்பு சோதனையால்தான் என்று தெரிந்தால் இழப்பீடும் உண்டு. மரணத்துக்கான கணக்கு 8 லட்ச ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் ஏற்கெனவே இருந்த நோயின் கடுமையையும் பார்த்துக் கூட்டும், குறைக்கும்.

உஷார்

பதிவுக் கட்டணம் கேட்டால் அப்போதே கிளம்பிவிடுவோம். ஆதார் நகலும் ஓ.டி.பி.யும் கேட்டுவிட்டு ஆய்வின் பெயரைச் சொல்லத் திணறினால் அது ஆய்வே இல்லை. "கண்டிப்பா குணமாகும்" என்று சொன்னாலும் அப்படித்தான். குணமாகும் என்று முன்பே தெரிந்தால் ஆய்வு எதற்கு?

நமக்காக வேறொருவர் கையெழுத்துப் போட விடக் கூடாது. 2009-இல் அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்ட திட்டம் 2010-இல் நிறுத்தப்பட்டது. இடையில் நேர்ந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்றே விசாரணைக் குழு சொன்னது. ஆனால் பெற்றோர் இடத்தில் விடுதி வார்டன்களும் தலைமை ஆசிரியர்களும் கையெழுத்திட்டிருந்ததை 2013-இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. நம் பிள்ளை விடுதியில் படிக்கிறதா? ஒரு போன் போட்டுச் சொல்லி வைப்போம்.

நடுவில் விலகலாமா?

எப்போது வேண்டுமானாலும். காரணம் சொல்லத் தேவையில்லை. வழக்கமான சிகிச்சையை அதற்காக நிறுத்தக் கூடாது. ஒரே ஒரு வேண்டுகோள்: சொல்லிவிட்டு விலகுவோம். சொல்லாமல் நின்றுவிட்டால், பாதிப்பால் நின்றோமா, பஸ் கிடைக்காமல் நின்றோமா என்று தெரியாமல் கணக்கே கோணலாகிவிடும். மருந்து சாப்பிடும் சோதனை என்றால் சட்டென நிறுத்தாமல் மருத்துவரிடம் பேசிவிட்டு நிறுத்துவோம்.

முடிவு எப்போது வரும்?

பொறுமை வேண்டும். 2002-இல் தொடங்கிய குழந்தைகள் ஆய்வின் முடிவு அச்சேறியது 2011-இல். சில ஆய்வுகளில் ஆட்களும் சொற்பம்: ஹீமோபிலியா நோய்க்கு சி.எம்.சி.யில் செய்த மரபணு சிகிச்சையின் முடிவு 2024 டிசம்பரில் வெளிவந்தபோது, அதில் பங்கேற்றவர்கள் ஐந்தே பேர்.

நம் சொந்த ரத்த முடிவுக்கு அவ்வளவு காலம் ஆகாது. ஒரு மாதத்தில் வராவிட்டால் போன் போட்டுக் கேளுங்கள். அதற்காகத்தான் சொல்கிறேன்: படிவத்தின் நகலை ரேஷன் கார்டு வைத்திருக்கும் அதே கவரில் வையுங்கள். அதில் ஆய்வாளர் எண், நெறிமுறைக் குழு எண் என்று இரண்டு இருக்கும். கையெழுத்துப் போட்ட அன்றே இரண்டையும் போனில் ஏற்றிவிடுங்கள்.