ஃபிஜியின் பலம் எங்கே?

பத்து லட்சம் பேர்கூட இல்லாத ஃபிஜி, ரக்பியில் இங்கிலாந்தையே வீழ்த்துகிறதே, எப்படி?

மக்கள்தொகையைப் பார்த்தால்தான் வியப்பு வரும். அங்குள்ள கிராமங்களைப் பார்த்தால் வராது. சின்னப் பிள்ளைகள்கூட ரக்பி ஆடித்தான் வளர்கிறார்கள். அணிக்கு ஏழு பேர் ஆடும் வேகமான வடிவத்தில் அந்த நாட்டுக்கு இணை சொல்வது கடினம். 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியில் பிரிட்டனை 43-7 என வென்று தங்கம் வாங்கியது. ஃபிஜியின் முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான்! அதைக் கொண்டாட ஏழு டாலர் நோட்டு வெளியிட்டார்கள்.

பதினைந்து பேர் ஆட்டத்தில்தான் சிக்கல். நல்ல வீரர்கள் பிழைப்புக்காக பிரான்சுக்கும் நியூசிலாந்துக்கும் போய்விடுவார்கள். தேசிய அணி ஒன்றுகூடிப் பயிற்சி செய்யவே நேரம் இருக்காது.

இதை மாற்றியது ஃபிஜியன் ட்ரூவா என்ற தொழில்முறை அணி. 2022-ல் அது சூப்பர் ரக்பி தொடரில் சேர்ந்ததும், வீரர்களுக்குச் சொந்த நாட்டு அணியிலேயே சம்பளம் கிடைத்தது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து அணிகளோடு அடிக்கடி மோதும் அனுபவமும் சேர்ந்தது. அடுத்த ஆண்டே ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தை 30-22 என்றும், உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவை 22-15 என்றும் ஃபிஜி சாய்த்தது. காலிறுதியில் அதே இங்கிலாந்திடம் ஆறே புள்ளிகளில் தோற்றது, பாவம்.

சுவாவிலோ லௌடோகாவிலோ ட்ரூவா ஆடும் போட்டி ஒன்றைப் பாருங்கள்; உங்கள் கேள்விக்கான மீதிப் பதில் அந்தக் கூட்டத்திலேயே கிடைக்கும்.