எந்தப் படியால் அளந்தீர்கள்?

காப்பியும் மிளகும் விளையும் சேர்வராயன் மலையில் வெள்ளக்கடை என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே இருவர் மிளகு அளப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் படியைத் தலைதட்டி அளக்கிறார். மற்றவர் கோபுரமாகக் குவித்து அளக்கிறார். இருவரும் குறிப்பேட்டில் ‘நான்கு படி’ என்றே எழுதுகிறார்கள். எண் ஒன்றுதான்; ஆனால் மிளகு ஒன்றல்ல, அல்லவா? உயிரணுவின் டி.என்.ஏ. சேதத்தை அளப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு.

வால் முளைத்த உயிரணு

கதிர்வீச்சும் சில வேதிப்பொருள்களும் டி.என்.ஏ. இழையை அறுக்கக்கூடும். இதைக் கண்டறிய ‘வால்நட்சத்திரச் சோதனை’ உதவுகிறது. 1984-இல் ஸ்வீடனில் ஆஸ்ட்லிங், யோஹான்சன் இருவரும் இதற்கு அடிகோலினர். 1988-இல் அமெரிக்காவில் நரேந்திர சிங்கும் அவருடைய சகாக்களும் காரக் கரைசலைப் பயன்படுத்தி இதைத் திருத்தி அமைத்தனர்.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸ் என்ற கூழில் இரத்த வெள்ளையணுக்களைப் பதித்து, கண்ணாடித் தகட்டில் பரப்புகிறார்கள். உப்பும் சோப்பு போன்ற பொருளும் கலந்த கரைசல் அணுவின் சவ்வைக் கரைத்துவிடும். காரக் கரைசலில் டி.என்.ஏ.யின் இரட்டை இழை பிரியும். பிறகு மின்சாரம் செலுத்துகிறார்கள். டி.என்.ஏ. எதிர்மின்னூட்டம் உடையது, ஆகவே நேர்மின்வாயை நோக்கி நகரும். முழுமையான டி.என்.ஏ. அசையாமல் நிற்க, அறுந்த பகுதிகள் வால்போல நீளும். ஒளிரும் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் தலையும் வாலுமாக ஒரு வால்நட்சத்திரம்! வாலில் டி.என்.ஏ. எத்தனை விழுக்காடு உள்ளதோ, அதுவே சேதத்தின் அளவு.

அளவு மாறுவது ஏன்?

ஒரு கூடம் 20 விழுக்காடு என்கிறது; மற்றொன்று 10 என்கிறது. சேதம் பாதி என்று சொல்லிவிடலாமா? முடியாது. மின்சாரத்தைக் கூடுதல் நேரம் செலுத்தினால் வால் நீளும். கூழ் கெட்டியானால் வால் குறுகும். ‘28 வோல்ட்’ என்று மட்டும் எழுதினாலும் போதாது. அது 28 செ.மீ. தூரத்தில் பரவினால் செ.மீ.க்கு 1 வோல்ட், 40 செ.மீ. தூரத்தில் பரவினால் 0.7 வோல்ட்தான்.

ஆகவே 2020-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி, முடிவோடு கட்டாயம் வெளியிட வேண்டிய விவரங்களைப் பட்டியலிட்டனர். அதன் சுருக்கப் பெயர் ‘மிர்கா’. கூழின் அடர்த்தி, கரைசல்களில் வைத்த நேரம், ஒரு செ.மீ.க்கு எத்தனை வோல்ட், எவ்வளவு நேரம், எத்தனை உயிரணுக்களை எண்ணினார்கள் போன்றவை அதில் அடங்கும். எல்லாரும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும் என்று அது வற்புறுத்தவில்லை. செய்ததை மறைக்காமல் எழுது என்கிறது.

கொல்லத்து மணல்

இது யாருக்குத் தேவை? கேரளத்தின் கொல்லம் கடற்கரை மணலில் மோனசைட் உண்டு. அதிலுள்ள தோரியத்தால் இயற்கைக் கதிர்வீச்சு அங்கு மிகுதி. ‘எங்கள் உடலுக்குச் சேதமா?’ என்று அம்மக்கள் கேட்பது நியாயம்தானே? பாபா அணு ஆராய்ச்சி மைய அறிவியலாளர்கள் அவர்களுடைய வெள்ளையணுக்களை இதே சோதனையால் ஆராய்ந்து, 2012-இல் முடிவை வெளியிட்டனர். கதிர்வீச்சு குறைந்த பகுதி மக்களோடு ஒப்பிட்டபோது சேதம் மிகுந்திருக்கவில்லை. இரு பகுதியாரையும் ஒரே ‘படியால்’ அளந்ததால்தான் இந்த ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.

நீங்களும் செய்யுங்கள்

பச்சைப்பயறு முளைக்க வைத்து, மூன்றாம் நாள் முளையின் நீளத்தை அளவிடுங்கள். ஊறிய நேரம், நீரின் அளவு, வைத்த இடம், எண்ணிய பயறுகள், முளைக்காதவை எல்லாவற்றையும் எழுதுங்கள். குறிப்பை நண்பரிடம் கொடுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் அதை மட்டும் படித்து அதே சோதனையைச் செய்ய முடிந்தால் உங்கள் குறிப்பு முழுமையானது. முடியாவிட்டால், எதை எழுத மறந்தீர்கள் என்று தேடுங்கள்.