பராமரிப்பு இல்லத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

நம் ஊரில் ‘நர்சிங் ஹோம்’ என்ற பெயர்ப்பலகையைக் கண்டால், அங்கே மருத்துவர் இருப்பார், அறுவை அரங்கு இருக்கும் என்றே நாம் பொருள் கொள்கிறோம். சிறிய தனியார் மருத்துவமனைக்கு அப்பெயர் இங்கு வழங்கி வருகிறது. மேலைநாடுகளிலோ அதே சொல், தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள இயலாத முதியோர் நெடுங்காலம் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லத்தைக் குறிக்கும். இக்கட்டுரை அந்த இரண்டாவது வகை இல்லங்களைப் பற்றியது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய மக்களில் 60 வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் அது 10.4 விழுக்காடு. கொங்கு நாட்டில் இந்த மாற்றத்தைக் கண்கூடாகக் காண்கிறோம். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ பணியாற்ற, பெற்றோர் இருவர் மட்டும் தோட்டத்துச் சாளையில் தனித்து வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவர் படுத்த படுக்கையானால், மற்றவரால் தூக்கிவிடவும் இயலாது. வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கங்களில் முதியோர் குடியிருப்புகளும் இல்லங்களும் பெருகியமைக்கு இதுவும் ஒரு காரணம். பெற்றோரை அத்தகைய இடத்தில் சேர்ப்பதைக் குற்றமாக நாங்கள் கருதவில்லை. ஆராயாமல் சேர்ப்பதுதான் எங்களுக்குக் கவலை தருகிறது.

நாங்கள் கற்ற பாடம்

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு எங்களிடம் சிகிச்சை பெற்ற மூதாட்டி ஒருவர், இங்கிருந்து ஓர் இல்லத்திற்குச் சென்றார். தூய்மையான கட்டடம், முன்புறம் பூந்தோட்டம், குளிரூட்டப்பட்ட அறை. வெளிநாட்டிலிருந்த மகன் வாரந்தோறும் காணொளியில் தாயைப் பார்த்தார். முகம் துடைத்து, பொட்டிட்டு, தலைவாரி அமர்த்தியிருந்தார்கள். ஏழாவது வாரத்தில் காய்ச்சலுடன் அவர் எங்களிடம் திரும்பினார். திருப்பிப் படுக்க வைத்தபோது, இடுப்பின் அடிப்பகுதியில் எலும்பு தெரியும் அளவுக்கு ஆழமான படுக்கைப்புண் இருந்தது. காணொளியில் முதுகு தெரிவதில்லை.

இதில் எங்கள் பிழையும் உண்டு. அவரை வீட்டுக்கு அனுப்பும் குறிப்பில் ‘தொடர் செவிலியர் பராமரிப்பு தேவை’ என்று எழுதினோம். எங்கே செல்கிறார், அங்கே இரவில் அவரைத் திருப்பிப் படுக்க வைப்பவர் யார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டியவற்றைக் குடும்பத்தினருக்கும் சொல்லித்தரவில்லை. அந்தக் கடனை இக்கட்டுரை வாயிலாக ஓரளவேனும் தீர்க்க முயல்கிறோம்.

மூன்று அளவுகோல்கள்

பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் அவெடிஸ் டோனபீடியன், 1966இல் எழுதிய கட்டுரையொன்றில், பராமரிப்பின் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்னும் மூன்று கோணங்களில் அளக்கலாம் என்று விளக்கினார். அமெரிக்க அரசு 2008 முதல், பராமரிப்பு இல்லங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு அளித்து மக்கள் பார்வைக்கு வைத்து வருகிறது. ஆய்வு அறிக்கை, பணியாளர் எண்ணிக்கை, முதியோரின் உடல்நிலை ஆகியவை அதற்கு அடிப்படை. அவ்வளவு விரிவான பொது மதிப்பீடு நம்மிடம் இல்லாததால், இங்கே குடும்பத்தினரே ஆய்வாளராக வேண்டியிருக்கிறது.

அமைப்பு: யார் இருக்கிறார்கள்?

கட்டடத்தைவிடப் பணியாளர்களே முதன்மையானவர்கள். பகலில் எத்தனை பேர், இரவில் எத்தனை பேர் என்று தனித்தனியே கேளுங்கள். அவர்களுள் முறையாகப் பயின்ற செவிலியர் எத்தனை பேர், உதவியாளர் எத்தனை பேர் என்றும் பிரித்துக் கேளுங்கள். வெள்ளைச் சீருடை அணிந்தோர் அனைவரும் செவிலியர் அல்லர். ஓராண்டுக்கு மேல் அங்கேயே பணிபுரிவோர் எத்தனை பேர் என்பதும் நல்ல கேள்வி. பணியாளர் அடிக்கடி மாறும் இடத்தில், உங்கள் தந்தைக்கு எந்தப் பக்கம் வலுவில்லை என்பதே ஒருவருக்கும் நினைவிராது.

மருத்துவர் எப்போது வருகிறார், முதியோர் நல மருத்துவத்தில் அவருக்குப் பழக்கம் உண்டா என்றும் அறிந்துகொள்ளுங்கள். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் டாக்டர் வ. செ. நடராசன் முதியோருக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியதற்கு வலுவான காரணம் உண்டு. முதுமையில் நோய் வேறு முகம் காட்டும். நிமோனியாவிலும் காய்ச்சல் இல்லாமல் போகலாம். திடீர்க் குழப்பமே சிறுநீர்த் தொற்றின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

செயல்முறை: என்ன செய்கிறார்கள்?

முன்னறிவிப்புடன் ஒருமுறையும், முன்னறிவிப்பின்றி மாலை உணவு வேளையில் ஒருமுறையும் செல்லுங்கள். உணவு ஊட்டும் முறையைச் சற்று நின்று கவனியுங்கள். விழுங்குவதில் சிரமம் உள்ளவரை நிமிர்த்தி அமர்த்தி, ஒரு வாய் விழுங்கிய பின்னரே அடுத்த வாய் தர வேண்டும். உண்டு முடித்த பின்னும் அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். படுத்த நிலையில் அவசரமாக ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் சென்றுவிடும். அரிசியும் பருப்புஞ் சோறு கேட்பவருக்கு அது கிடைக்கிறதா என்பதும் தரத்தின் ஒரு கூறே. விருப்பமான உணவு கிடைக்காத முதியவர் மெல்ல மெல்ல உண்பதையே குறைத்துவிடுவார்.

தாமாகப் புரள இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது வழக்கம். அதற்கான பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். நள்ளிரவு முதல் விடியல் வரையிலான பதிவுகள் அனைத்தும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதப்பட்டவைபோல் தோன்றினால், கூடுதலாக விசாரியுங்கள்.

பொறுப்பாளரிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: “இரவு இரண்டு மணிக்கு என் தாயாரின் சர்க்கரை 60க்குக் கீழே இறங்கினால் என்ன செய்வீர்கள்?” நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே குளுக்கோஸ் அல்லது சர்க்கரை தருவோம், 15 நிமிடத்தில் மீண்டும் பரிசோதிப்போம், நினைவிழந்திருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழைப்போம் என்ற விடை தயங்காமல் வர வேண்டும். இரவுப் பணியாளரும் அதே விடையைச் சொல்ல வேண்டும்.

கட்டிலோடு கைகளைக் கட்டுகிறார்களா, உறக்க மருந்து தருகிறார்களா, எனில் யார் சொல்லித் தருகிறார்கள் என்பதையும் வெளிப்படையாகக் கேளுங்கள். ‘இங்கே எல்லோரும் அமைதியாக இருப்பார்கள்’ என்பதை நற்சான்றாகக் கொள்ள வேண்டாம். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு கூடம் முழுவதும் உறங்கிக்கொண்டிருந்தால், காரணத்தை ஆராய வேண்டும்.

விளைவு: உடல் என்ன சொல்கிறது?

சேர்த்த பிறகு பார்க்கச் செல்லும்போது, பழங்களைத் தந்து அருகில் அமர்ந்து திரும்புவதோடு நிறுத்த வேண்டாம். பெற்றோரின் மானம் காத்து, திரைக்குள், உறவினர் ஒருவரோ செவிலியரோ உடனிருக்க, இவற்றைப் பாருங்கள்:

• தோல்: இடுப்பின் அடிப்பகுதி, இடுப்பெலும்பின் பக்கங்கள், குதிகால்கள். விரலால் அழுத்தியும் வெளிறாத சிவப்பு, படுக்கைப்புண்ணின் தொடக்கம். நம் மாநிறத் தோலில் சிவப்புத் தெளிவாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

• எடை: மாதந்தோறும் குறித்து வாங்குங்கள். 60 கிலோ எடையுள்ளவர் ஒரே மாதத்தில் 3 கிலோ, அல்லது ஆறு மாதத்தில் 6 கிலோ இழந்திருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

• வாய், நகம், பாதம்: உலர்ந்த நாக்கு, கழுவப்படாத பல்செட், நீண்ட நகம், நீரிழிவு உள்ளவரின் பாதத்தில் கவனிக்கப்படாத கீறல்.

• சிறுநீர்க் குழாய்: ஏன் பொருத்தப்பட்டது, எப்போது பொருத்தப்பட்டது, இன்னும் தேவையா? பணியாளரின் வசதிக்காக மட்டும் அது இருத்தலாகாது.

• விழுந்த நிகழ்வுகள்: எந்த இல்லத்திலும் முதியோர் விழக்கூடும். அன்றே உங்களுக்குத் தெரிவித்தார்களா, மீண்டும் விழாதிருக்க என்ன மாற்றினார்கள் என்பதே கேள்வி.

ஒரு புண்ணைக் கண்டவுடன் பணியாளர்மீது சினம் கொள்ள வேண்டாம். கடும் நோயுற்றவருக்கு, நல்ல பராமரிப்பிலும் சில நேரங்களில் புண் வருவதுண்டு. அதை முதலில் கண்டது யார், என்று கண்டார்கள், என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். புண்ணை அவர்களே கண்டு, அன்றே உங்களை அழைத்திருந்தால் அந்த இல்லத்தை நம்பலாம். நீங்கள் காட்டிய பிறகே அவர்கள் அதைப் பார்த்தார்கள் என்றால், வேறு இடம் தேடத் தொடங்குங்கள்.

உரிமையும் உதவியும்

முதியோர் இல்லங்கள் சமூக நலத்துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். முன்பணம் எந்நிலையில் திரும்பக் கிடைக்கும், அவசர காலத்தில் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வார்கள், செலவில் எவையெவை தனிக் கணக்கு என்பவை ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கட்டும். இல்லத்தில் குறை கண்டால், முதலில் பொறுப்பாளரிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். பயனில்லையெனில் மாவட்ட ஆட்சியரகத்திலுள்ள சமூக நல அலுவலரை அணுகலாம். முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567.

எங்களிடமிருந்து விடைபெறும் நாளில், எவ்வளவு அவசரமானாலும், பத்து நிமிடம் ஒதுக்கிக் கேளுங்கள்: எத்தனை மணிக்கொருமுறை திருப்ப வேண்டும், எவ்வாறு ஊட்ட வேண்டும், எந்த மருந்தை எப்போது நிறுத்த வேண்டும்? விடைகளைத் தமிழில் எழுதித் தருவது எங்கள் கடமை. அத்தாளின் ஒரு படியை இல்லத்தில் தந்து, மற்றொன்றைக் கையில் வைத்துக்கொண்டு சென்று பாருங்கள். எழுதியபடி நடக்கிறதா என்பதை, மருத்துவம் பயிலாத எவரும் அதைக்கொண்டே அறியலாம்.

அந்த மூதாட்டியின் புண் ஆறுவதற்கு ஐந்து மாதங்கள் ஆயின. அவர் இப்போது வேறோர் இல்லத்தில் இருக்கிறார். ஊரிலிருக்கும் தம்பி மகள் பத்து நாளுக்கொருமுறை, சொல்லாமல், மாலை உணவு நேரத்தில் செல்கிறார். மகன் இன்றும் வாரந்தோறும் காணொளியில் பேசுகிறார். பேச்சு முடிந்ததும், தாயின் முதுகையும் குதிகாலையும் காட்டும்படி செவிலியரிடம் கேட்கிறார்.