டேப்பட் சத்தம்: மாற்றும் முன் கேளுங்கள்

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு மாணவன்)



லேபில் பழைய அம்பாசிடர் இன்ஜினில் பில்லர் கேஜ் விட்டு டேப்பட் செட் பண்ணியிருக்கிறோம். ஹைட்ராலிக் டேப்பட்டில் திருக ஸ்க்ரூவும் இல்லை, கேஜ் விட கேப்பும் இல்லை. அதில் சத்தம் வந்தால் என்ன செய்வது? பயிற்சிக்குப் போன ஒர்க்ஷாப்பில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் அதன் வேலை. சிறிய உருளைக்குள் ஒரு பிளஞ்சர், ஒரு ஸ்பிரிங், ஒரு செக் பால். இன்ஜின் ஆயில் உள்ளே போய் பிளஞ்சருக்கு அடியில் நிரம்பும். கேம் அழுத்தும்போது பால் வழியை அடைத்துவிடும். ஆயில் அமுங்காது; எனவே டேப்பட் கட்டை மாதிரி விறைத்து நின்று ராக்கரைத் தாங்கும். காற்று புகுந்தால் அமுங்கிவிடும். தூசி புகுந்தால் பால் மூடாது. இரண்டிலும் கேப் விழும், டக்டக் கேட்கும்.

அங்கே ஒரு வாடகை வண்டி வந்தது. ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா முதலிய வண்டிகளில் வந்த 1248 சி.சி. டீசல் இன்ஜின், 16 வால்வு, 16 டேப்பட். முழு வேலை பார்த்துப் பூட்டி ஸ்டார்ட் பண்ணினால் ஒரே டக்டக். வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டிய வண்டிக்காரர் முகம் செத்துப்போச்சு. "16 டேப்பட்டையும் மாத்திடலாம்" என்றார் ஒரு மெக்கானிக். பெரிய மேஸ்திரி, "பொறுப்பா, மொதல்ல கேட்போம்" என்றார். அவர் பார்த்த வரிசை இது:

1. ஆயில் அளவு: குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். கூடினால் கிராங்க் அடித்து நுரையாக்கும்.

2. ஆயில் பிரஷர்: லைட் அணைந்தால் மட்டும் போதாது. பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜ் மாட்டி மேனுவலோடு ஒப்பிட வேண்டும்.

3. காற்று: பிரஷர் சரியென்றால் 2000 ஆர்.பி.எம். அளவில் பத்து நிமிடம் ஓட விடலாம். எங்கள் வண்டியில் பெரும்பாலான சத்தம் இதிலேயே அடங்கியது. ஒன்று மட்டும் நிற்கவில்லை.

4. தாளம்: கிராங்க் இரண்டு சுற்றுக்கு வால்வு ஒருமுறைதான் திறக்கும். 800 ஆர்.பி.எம்.ல் ஒரு டேப்பட் நிமிடத்துக்கு 400 முறை தட்டும். பேரிங் சத்தம் அதைவிட வேகம். இன்ஜெக்டர் தட்டலும் டேப்பட் தாளத்தில்தான் வரும். இன்ஜினை நிறுத்தி, அந்த இன்ஜெக்டரின் ஒயர் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் இன்ஜெக்டர் தட்டல் வராது. டேப்பட் சத்தம் வரும்.

5. இடம்: நீள ஸ்க்ரூ டிரைவரை ஹெட்டில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்க வேண்டும். எல்லா இடத்திலும் தட்டினால் ஆயில் கோளாறு. ஒரே இடமென்றால் அங்குள்ள டேப்பட், ராக்கர் அல்லது கேம்.

"மூணாவது சிலிண்டர்" என்றார் மேஸ்திரி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. டேப்பட்டுகளைக் கழுவியது நான். பாதியில் கரண்ட் போய் கம்ப்ரசர் நின்றதால், மூன்றாவது, நான்காவது சிலிண்டர் டேப்பட்டுகளைக் காற்றடிக்காமல் பனியன் வேஸ்ட்டால் துடைத்து வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். பயிற்சி சர்ட்டிபிகேட் தராமல் அனுப்பிவிட்டால்? வாயை மூடிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் வண்டிக்காரர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "அண்ணே, அதை நான்தான் வேஸ்ட்டால துடைச்சேன்" என்று சொல்லிவிட்டேன். நல்ல திட்டு விழுந்தது.

மறுபடி பிரித்தோம். ஆயில் நிறைந்த டேப்பட் கையால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. மூன்றாவது சிலிண்டரில் ஒன்று பஞ்சு மாதிரி அமுங்கியது. உடைத்துப் பார்த்தால் செக் பாலில் ஒரு நூல் துணுக்கு! அந்த ஒன்றை மட்டும் மாற்றினோம். சத்தம் நின்றது. 15 டேப்பட்டின் காசு வண்டிக்காரருக்கு மிச்சம்.

நண்பர்களே, டேப்பட்டைப் பனியன் வேஸ்ட்டால் துடைக்காதீர்கள். கழற்றிய வரிசையிலேயே வைத்து, அதே இடத்தில் பூட்டுங்கள். சத்தம் வந்தால் பார்ட்ஸ் கடைக்கு ஓடும் முன் காதைக் கொடுங்கள். தப்பு நம்முடையது என்றால் உடனே சொல்லிவிடுங்கள். மறைத்தால் அதற்குக் காசு கொடுப்பது வேறொருவர்.

சர்ட்டிபிகேட்டில் மேஸ்திரி சொல்லி, முதலாளி கையெழுத்துப் போட்டார். வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார் அப்பா.