போர் வாகனங்களும் எரிபொருட் சிக்கனமும்

வாகனம் ஓடும்போதே எரிபொருள் செலவாகிறது என்பது பொதுவான எண்ணம். இராணுவ வாகனங்களைப் பொறுத்தமட்டில் இவ்வெண்ணம் அத்துணைப் பொருந்தாது. ஐக்கிய அமெரிக்காவின் ஆப்ராம்ஸ் டாங்கி இதற்குத் தக்க சான்றாகும். அதன் வாயுச் சுழலி யந்திரம் 1,500 குதிரைத் திறன், அதாவது சுமார் 1,100 கிலோவாட் உடையது. டாங்கி ஓரிடத்தில் அசையாது காவல் நிற்கும்போதும் வானொலிக் கருவிக்கும் பார்வைக் கருவிகளுக்கும் மின்சாரம் வேண்டும். தேவைப்படுவது சில கிலோவாட்டே. ஆயினும் தனி மின்னாக்கி இல்லாத டாங்கியில் அதற்காகப் பெரிய யந்திரமே சுழல வேண்டும். காற்றை அமுக்கும் உறுப்பைச் சுழற்றுவதிலேயே சக்தியின் பெரும்பங்கு கழிந்துவிடுகிறது. ஒரு குவளை நீரைச் சுடவைக்கக் கல்யாண அடுப்பை மூட்டுவது போன்றது இது.

இவ்வாறு நிற்கையில் மணிக்குச் சுமார் 40 லிட்டர் செலவாகிறது. வகுப்பில் இதனை எளிய கணக்காகத் தரலாம்: பத்து மணி நேரக் காவலில் 400 லிட்டர், தொட்டிகளின் கொள்ளளவோ சுமார் 1,900 லிட்டர். ஓரடியும் நகராமலே ஐந்தில் ஒரு பங்கு தீர்ந்துவிடுகிறது.

தீர்ந்ததை நிரப்ப லாரித் தொடர்கள் அபாயமான சாலைகளில் செல்ல வேண்டும். 2007-ஆம் நிதியாண்டில் ஆப்கானிஸ்தானத்தில், எரிபொருள் கொண்டுசென்ற 24 தொடர்களுக்கு ஒருவர் வீதம் மாண்டனர் அல்லது காயமுற்றனர் என்று அமெரிக்க இராணுவத்தின் சுற்றுச்சூழற் கொள்கைக் கழகம் 2009-இல் கணக்கிட்டது. லிட்டர்க் கணக்கு உயிர்க் கணக்காவது இங்கேதான்.

2011 ஜூலையில் அந்நாட்டின் எரிசக்தி இலாகாவும் தரைப்படை இலாகாவும் வாகன சக்தி ஆராய்ச்சியில் கூடி உழைக்க உடன்படிக்கை செய்துகொண்டன. யந்திரங்கள், இலேசான உலோகங்கள், மின்கலங்கள், வீணாகும் உஷ்ணத்தை மீட்டல் முதலியன அதில் அடங்கின. எரிசக்தி இலாகாவுக்கு ஆராய்ச்சிச் சாலைகளும் சரக்கு லாரிகளில் பெற்ற அனுபவமும் உண்டு. இராணுவத்திடம் கடுஞ்சோதனைக்குரிய வாகனங்கள் உண்டு.

ஒன்றன் அறிவை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்துப் பொருத்திவிடலாம் என்று கருதுவது தவறாகும். நெடுஞ்சாலை லாரி ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடுவது; அதன் நவீன டீசல் யந்திரம், பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் கந்தகமில்லாத டீசலை நம்பி அமைந்தது. இராணுவமோ விமானத்துக்கும் வாகனத்துக்கும் பொதுவாக ஜேபி-8 என்னும் மண்ணெண்ணெய் வகையை வழங்குகிறது. அதில் கந்தகம் 3,000 பங்குவரை இருக்கலாம். அக்கந்தகம் புகைபோக்கியிலுள்ள தூய்மிப்புச் சாதனங்களைக் கெடுத்துவிடும். மேலும், கவசம் காற்றோட்டத்தைத் தடுப்பதால், யந்திரத்தைக் குளிர்விக்கும் விசிறியே கணிசமான சக்தியை விழுங்குகிறது. சந்தையில் கிடைக்கும் சிறந்த யந்திரத்தை வாங்கிக் கவசத்தினுள் பூட்டுவதால் மட்டும் இக்குறை தீராது.

இவற்றைச் சோதிக்க மிச்சிகன் மாகாணத்து வாரன் நகரில் 2012 ஏப்ரலில் இராணுவத்தின் புதிய ஆராய்ச்சிச் சாலை திறக்கப்பட்டது. அதன் ஓர் அறையில் முழு வாகனத்தையும் நிறுத்தி, பூச்சியத்துக்குக் கீழ் 51 பாகை முதல் 71 பாகை சென்டிகிரேடு வரையிலான உஷ்ணநிலைகளில் இயக்கிப் பார்க்கலாம்.

நின்றபடி எரியும் எரிபொருளுக்கு மாற்று, கவசத்துக்குள் வைக்கும் சிறு மின்னாக்கியே. 2017 முதல் தரப்பட்ட ஆப்ராம்ஸ் வகையில் அது இடம்பெற்றுள்ளது. காவல் நிற்கையில் பெரிய யந்திரத்தை அணைத்துவிடலாம்.