கேட் பாஸைத் திருப்பிக் கொடுக்கும் முன்...

நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 ஜூலை 1 அன்று கொதிகலன் வெடித்தபோது, இழப்பீடு உடனே அறிவிக்கப்பட்டது. கன்வேயர் பெல்ட்டில் விரலைப் பறிகொடுத்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு யாரும் அறிவிப்பு வெளியிட மாட்டார்கள். அவர்தான் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் காகிதம். கேட் பாஸ், சம்பளச் சீட்டு இரண்டையும் போட்டோ எடுத்து வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் ‘வேலை பார்க்கும்போது அடிபட்டது’ என்றே பதியச் சொல்லுங்கள். ‘வீட்டில் வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடுப்பா, செலவை நாங்க பார்த்துக்கறோம்’ என்று மேஸ்திரி குழைந்தால் மசியாதீர்கள். அந்த ஒரு வரி பிறகு வழக்கையே கவிழ்த்துவிடும். வெற்றுத்தாளில் கையெழுத்தும் கூடவே கூடாது.

காண்ட்ராக்டர் கையை விரித்தால், அவருக்கு வேலையை ஒப்படைத்த நிறுவனத்திடமே இழப்பீடு கேட்கலாம். தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடம் 2 ஆண்டுகளுக்குள் மனு போடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டியும் உண்டு. இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு மட்டும் வழி வேறு, அவர் இ.எஸ்.ஐ. அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லையா? தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. கடலூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். ‘வருவதில் இத்தனை சதவீதம்’ என்று பேரம் பேசும் வக்கீல் வேண்டாம்; பார் கவுன்சில் விதியே அதை அனுமதிப்பதில்லை.

உயிரிழப்பு என்றால் இன்னொன்று: இழப்பீட்டுத் தொகையை அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். துக்க வீட்டில் கையில் திணிக்கும் பணத்தைக் காட்டி, ‘கணக்கு முடிந்தது’ என்று காண்ட்ராக்டர் சொல்ல முடியாது.